நாலரை வயதில் கால்பந்து வகுப்பு: தொடரவா, நிறுத்தவா?

டோங்காட்_அம்மா
ஞாயிறு, காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு நாலரை வயது. பிப்ரவரியிலிருந்து சனிக்கிழமைதோறும் கால்பந்து வகுப்புக்குக் கூட்டிப் போகிறோம். முக்கால் மணி நேரம், பதினாறு பிள்ளைகள், ஒரே ஒரு பயிற்சியாளர். நேற்று ஓரமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். என் பிள்ளையின் காலில் பந்து பட்டது மொத்தம் ஒன்பது தடவை. மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்று, முன்னால் நிற்கும் பையனின் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தான். அதற்குத் திட்டும் வாங்கினான். திரும்பி வரும்போது காரில், "அம்மா, எனக்குப் பந்து வரவே இல்லை" என்றான்.

சேர்த்ததற்குக் காரணம் உண்டு. போன வருடக் கடைசியில் கிரெச் (மழலையர் காப்பகம்) ஆசிரியை கூப்பிட்டு, இவன் அடிக்கடி தடுக்கி விழுகிறான், இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கத் திணறுகிறான், ஏதாவது விளையாட்டில் போடுங்கள் என்றார். என் கணவர் மறுநாளே விசாரித்துச் சேர்த்துவிட்டார். மாமியாரோ, "சின்னப் பிள்ளையை ஏன் பாடாய்ப் படுத்துகிறீர்கள், எல்லாம் தானாக வரும்" என்கிறார். இந்த வயதில் விளையாட்டில் சேர்த்தால் கை கால் திறன் உண்மையாகவே வளருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லெனேசியா_அப்பா
ஞாயிறு, காலை 11.32

நிறுத்தாதீர்கள் சகோதரி. என் மகளை மூன்று வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்தேன். இப்போது ஏழு. உள்ளங்கை அகலப் பலகையில் பின்பக்கமாக நடப்பாள், தலைகீழாக நிற்பாள். அவள் வகுப்பில் வேறு யாராலும் முடியாது. முதல் ஆறு மாதம் அவளும் அழுதாள். அப்போது நான் விட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது.

டர்பனில் பிறந்த செனுரன் முத்துசாமி 2019இல் விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவுக்காக முதல் டெஸ்ட் ஆடியபோது எங்கள் வீட்டில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். அந்த இடத்துக்கு நம் பிள்ளைகளும் போக வேண்டுமென்றால் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது என் நம்பிக்கை.

பிசியோ_சித்தி
ஞாயிறு, இரவு 8.45

டோங்காட் அக்கா, நான் டர்பனில் பதினான்கு வருடமாகக் குழந்தைகளுக்கு பிசியோதெரபி பார்க்கிறேன். உங்கள் மாமியார் சொல்வதும் கணவர் நினைப்பதும் ஆளுக்குப் பாதி சரி.

"தானாக வரும்" என்பது நடை, படியேறுதல் போன்றவற்றுக்குப் பொருந்தும். 1929இல் அமெரிக்காவில் அர்னால்டு கெசல் என்பவர் இரட்டைக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு குழந்தைக்கு 46ஆவது வாரத்திலிருந்து ஆறு வாரம் படியேறப் பழக்கினார்கள். இன்னொன்றை 53ஆவது வாரம்வரை சும்மா விட்டு, பிறகு இரண்டே வாரம் பழக்கினார்கள். பிந்தித் தொடங்கிய குழந்தை சீக்கிரமே மற்றதற்குச் சமமாக ஏறியது. நரம்பும் தசையும் தயாரான பிறகு கொஞ்சம் பழக்கினாலே போதும். தயாராகும் முன் எவ்வளவு பழக்கினாலும் லாபம் குறைவு.

ஆனால் எறிவது, பிடிப்பது, உதைப்பது, மட்டையால் அடிப்பது இவையெல்லாம் தானாக வராது. பந்தே கையில் படாமல் வளர்ந்தவரை இருபது வயதில் எறியச் சொல்லிப் பாருங்கள். வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னால் வைப்பார். எதிர்க்காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி எறிவது ஆயிரம் தடவை எறிந்து பார்த்துத்தான் உடம்பில் படியும். அந்த ஆயிரம் தடவைக்கு ஏற்ற காலம் மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயதுவரை. அதனால் உங்கள் கணவரின் அவசரத்திலும் நியாயம் இருக்கிறது.

சிக்கல் வகுப்பில்தான். நாலு வயதுப் பிள்ளையை நோக்கிப் பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இரண்டு கையாலும் மார்போடு அணைக்கப் பார்க்கும். அது பயந்த சுபாவம் அல்ல, அந்த வயதின் இயல்பு. கைகளால் மட்டும் பிடிப்பது ஐந்து, ஆறு வயதில்தான் நன்றாக வரும். ஓடும் பந்து எங்கே, எப்போது வந்து சேரும் என்று கணிப்பதற்கு இன்னும் நாளாகும். அதற்கு முன்னால் "நீ இடப்பக்கம் நில், நீ பின்னால் நில்" என்று இடம் பிரித்துக் கொடுப்பதில் அர்த்தமில்லை. எல்லாப் பிள்ளைகளும் பந்தை ஈ மாதிரி மொய்க்கத்தான் செய்யும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2018 டிசம்பரில் நம் தென்னாப்பிரிக்காவில் பிறப்பு முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கான இயக்க வழிகாட்டி வெளியானது. மூன்று வயதுக்கு மேல் தினமும் 180 நிமிடம் உடம்பு அசைய வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னதும் இதுவே. வாரத்துக்கு 1260 நிமிடம் ஆகிறது. உங்கள் வகுப்பு 45 நிமிடம். அதிலும் பாதி வரிசையில் நிற்பது. அந்த 45ஐத் தொடரலாமா நிறுத்தலாமா என்பதைவிட, மீதி 1215 நிமிடத்தில் அவன் என்ன செய்கிறான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒன்று மட்டும் தனியாகக் கேட்கிறேன். இரண்டு காலும் ஒன்றாகத் தரையிலிருந்து எழும்புவதே இல்லையா, அல்லது எழும்பி விழுகிறானா? பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது இரண்டு, இரண்டரை வயதில் வந்துவிடும். பதில் சொல்லுங்கள்.

லெனேசியா_அப்பா
திங்கள், காலை 6.50

நன்றி சித்தி, ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் என் மகளுக்குக் கொடுத்த பயிற்சி வீண் என்று ஆகிறதே? கண் முன்னால் பலன் தெரிகிறது.

பிசியோ_சித்தி
திங்கள், மதியம் 1.15

வீண் என்று சொல்லவே இல்லை அண்ணா. 1930களில் நியூயார்க்கில் மர்ட்டில் மெக்ரா இன்னோர் இரட்டையரைக் கவனித்தார். ஜானி, ஜிம்மி என்று பெயர். ஜானிக்குக் கைக்குழந்தையிலிருந்தே பயிற்சி, ஜிம்மிக்கு இல்லை. உட்காருவது, நடப்பது இவையெல்லாம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. ஆனால் நீந்துவது, சரிவில் ஏறுவது, ரோலர் ஸ்கேட் ஓட்டுவது இவற்றில் ஜானி வெகுதூரம் முந்தினான். பயிற்சிக்குப் பலன் உண்டு, பழக்கிய விஷயத்தில். உங்கள் மகளுக்குச் சமநிலை பிரமாதமாக இருக்கும், சந்தேகமே இல்லை. ஒரு டென்னிஸ் பந்தை எடுத்து அவளுடன் எறிந்து பிடித்து ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? குறை கண்டுபிடிக்கக் கேட்கவில்லை, அறியத்தான்.

இசிப்பிங்கோ_தாத்தா
திங்கள், மாலை 4.20

எனக்கு எழுபத்திரண்டு வயது. பேரப் பிள்ளைகள் மூன்று பேரைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தமிழ் மெதுவாகத்தான் தட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது டர்பனில், மேகசின் பராக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில். அறுபதுகளில் எங்களை அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். பராக்ஸில் வீடு ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிள்ளைகள் எல்லாரும் வாசலில்தான். மூன்று டின்னை அடுக்கிப் பந்தால் அடிப்போம். கில்லி அடிப்போம். கரிக்கட்டையால் கோடு கிழித்து நொண்டி ஆடுவோம். செருப்பு கிடையாது. எங்களுக்குப் பயிற்சியாளர் இல்லை, பெரிய பையன்கள்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளையை நாங்கள் ஒதுக்கியதில்லை. அவன் "ஒப்புக்குச் சப்பாணி". ஆட்டத்தில் இருப்பான். ஓடுவான், பந்து கிடைத்தால் எறிவான். ஆனால் அவனை அவுட் ஆக்க மாட்டோம். அவனால் எந்தப் பக்கமும் தோற்காது. இரண்டு வருடம் அப்படி ஓடுவான். ஒருநாள் ஒரு பெரியவன், "இனி இவன் நிஜமாகவே ஆட்டத்தில் உண்டு" என்பான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டோங்காட் மகளே, உன் பிள்ளைக்கு அப்படி இரண்டு வருடம் வேண்டும். வகுப்பில் அது கிடைக்கிறதா என்று பார்.

பிசியோ_சித்தி
திங்கள், மாலை 6.05

ஐயா, நாங்கள் நாலு வருடம் படித்துத் தெரிந்துகொண்டதை நீங்கள் ஒரு பத்தியில் எழுதிவிட்டீர்கள். தோல்வி இல்லாமல், அதே ஆட்டத்துக்குள், பெரியவர்களைப் பார்த்துக்கொண்டே பழகும் காலம். அதற்கு நம்மிடம் பெயரே இருந்திருக்கிறது.

ஸ்டெல்லன்போஷ்_மாணவன்
திங்கள், இரவு 10.40

தாத்தா செருப்பைப் பற்றிச் சொன்னதால் ஒரு தகவல். நான் இங்கே விளையாட்டு அறிவியல் படிக்கிறேன். நம் நாட்டில் பிள்ளைகள் பள்ளிக்கே வெறுங்காலோடு போவது சகஜம் அல்லவா? அதை வைத்தே ஓர் ஆய்வு 2018இல் வந்தது. வெறுங்காலோடு வளர்ந்த தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளையும் எப்போதும் காலணி போடும் ஜெர்மானியப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். 6 முதல் 18 வயதுவரை, மொத்தம் 810 பேர். பின்பக்கமாகக் கட்டையில் நடப்பதிலும் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவதிலும் வெறுங்கால் பிள்ளைகள் மேல். அந்த வித்தியாசம் 6 முதல் 10 வயதில் நன்றாகத் தெரிந்தது. 20 மீட்டர் ஓட்டத்தில் மட்டும் 11 முதல் 14 வயதில் காலணிப் பிள்ளைகள் வேகம்.

இரண்டு நாட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கையில் காலணி மட்டுமா வேறுபடும்? அதனால் எல்லாப் புகழையும் வெறுங்காலுக்கே கொடுக்க முடியாது. ஆனால் வீட்டு முற்றத்திலும் கடற்கரை மணலிலும் செருப்பைக் கழற்றிவிட எந்தச் செலவும் இல்லை. கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று மட்டும் முதலில் ஒரு சுற்றுப் பாருங்கள்.

சாட்ஸ்வர்த்_டீச்சர்
செவ்வாய், காலை 7.30

நான் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பெல்லாம் நாலு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் உட்கார வைப்பேன். முழங்கால் உள்ளே விழும், முதுகு வளையும், நான் அதட்டுவேன். சில வருடங்களுக்கு முன்பு அதை நிறுத்தினேன். இப்போது ஆறு வயதுக்குக் கீழே அடவு (நாட்டியத்தின் அடிப்படை அசைவு) கிடையாது. தாளத்துக்கு நடப்பது, நின்றால் சிலைபோல் நிற்பது, ஒற்றைக் காலில் நொண்டுவது, இடது வலது மாற்றித் துள்ளுவது, இவ்வளவுதான். அப்படி ஒரு வருடம் ஆடிய பிள்ளைக்குத் தட்டடவு சொல்லிக்கொடுக்க மூன்று வகுப்பு போதும். முன்பு மூன்று மாதம் இழுக்கும்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். என்னிடம் வரும் பெண்கள் ஒற்றைக் காலில் அரை நிமிடம் அசையாமல் நிற்பார்கள். போன வருடம் கோயில் விளையாட்டு நாளில் பந்தெறியும் போட்டி வைத்தோம், ஒருத்திக்கும் எறியத் தெரியவில்லை. அவர்கள் கையில் யாரும் பந்தைக் கொடுத்ததே இல்லை. எனக்கு மனது மிகவும் கஷ்டமாகிவிட்டது. இப்போது நாட்டிய வகுப்பின் முதல் பத்து நிமிடம் பருப்புப் பைகளை எறிந்து பிடிக்கிறோம்.

ஸ்டெல்லன்போஷ்_மாணவன்
செவ்வாய், காலை 8.05

டீச்சர், ஆராய்ச்சிகளிலும் இதுவே திரும்பத் திரும்ப வருகிறது. ஓடுவது, தாவுவதில் சிறுமிகளும் சிறுவர்களும் அவ்வளவாக வேறுபடுவதில்லை. எறிவது, உதைப்பதில் சிறுவர்கள் முன்னால். பருவ வயதுக்கு முன் உடல் பலத்தில் பெரிய வேறுபாடு இல்லாதபோது, கிடைக்கும் வாய்ப்புதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

லெனேசியா_அப்பா
செவ்வாய், இரவு 9.20

சித்தி கேட்டபடி இன்று மாலை மகளுடன் பந்து ஆடினேன். மூன்று மீட்டர் தூரம், கீழ்க்கையாக மெதுவாகத்தான் போட்டேன். பத்தில் ஒன்று பிடித்தாள். மற்றதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். கடைசிப் பந்தும் தவறியதும், "எனக்கு இது வராது அப்பா, நான் ஜிம்னாஸ்ட்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏழு வயதுப் பிள்ளை "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிட்டது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. பள்ளியில் இடைவேளையில் பெண்கள் நெட்பால் ஆடும்போது இவள் ஓரமாக நிற்கிறாள் என்பது இன்றுதான் தெரிந்தது. அவளை ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து எடுக்கப் போவதில்லை, அதில் அவளுக்கு உயிர். வாரத்தில் நாலு நாள் இருந்ததை இரண்டாகக் குறைக்கலாமா என்று பார்க்கிறேன். இங்கே முதலில் எழுதியதை நான் மாற்ற விரும்பவில்லை, ஆனால் அன்று எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது.

ஃபீனிக்ஸ்_கோச்
புதன், காலை 5.55

அண்ணா, கவலைப்படாதீர்கள், ஏழு வயதில் நன்றாகவே பிடிக்க வரும். பெரிய, மெத்தென்ற பந்தில் தொடங்குங்கள். பலூன் அதைவிட நல்லது. மெதுவாக இறங்குவதால் கண் பின்தொடர நேரம் கிடைக்கும். டென்னிஸ் பந்து இப்போதைக்கு வேண்டாம்.

நான் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மினி கிரிக்கெட்டும் கால்பந்தும் சொல்லிக்கொடுக்கிறேன். டோங்காட் அக்கா பந்து பட்டதை எண்ணியது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு பெற்றோரும் இதைச் செய்ய வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே ஆளுக்கு ஒரு பந்து இல்லாவிட்டால் அது வகுப்பே இல்லை. பந்து வாங்கப் பணமில்லை என்றால் பழைய சாக்ஸைச் சுருட்டி ரப்பர் வளையம் போடுங்கள். எங்கள் பள்ளியில் பாதிப் பந்து அதுதான். இருபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒருவர் பின் ஒருவராக உதைக்கச் சொல்வதைவிட, இருபது பேரும் ஒரே நேரத்தில் சுவரை நோக்கி உதைத்தால் முக்கால் மணியில் ஆளுக்கு இருநூறு உதை தேறும். சத்தம் காதைப் பிளக்கும். பரவாயில்லை.

பிறந்த மாதத்தையும் பாருங்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே "ஆறுக்குக் கீழ்" குழுவில் நிற்பார்கள். ஐந்து வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்நாளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. பெரியவனைத் திறமைசாலி என்று எடுப்பார்கள், சின்னவனை வெளியே உட்கார வைப்பார்கள். அடுத்த வருடம் அவன் வருவதே இல்லை. இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆரம்ப வருடங்களில் நானே செய்தும் இருக்கிறேன்.

ஒரே விளையாட்டில் மூழ்கடிப்பது பற்றி: அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016இல், பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயதுவரை ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டாம் என்றது. மரிட்ஸ்பர்க்கில் பிறந்த கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் ஹாக்கியிலும் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடியவர். 1992 உலகக் கோப்பையில் பாகிஸ்தானின் இன்சமாமை ரன் அவுட் ஆக்க அவர் பாய்ந்ததைப் பார்க்கும்போதெல்லாம், குனிந்தபடியே பந்தைத் துரத்தும் அந்த ஹாக்கி உடம்பு எனக்குத் தெரியும். ஒரு ஆளை வைத்து விதி சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

மரிட்ஸ்பர்க்_அம்மா
புதன், மதியம் 12.30

தாத்தா, "சப்பாணி" என்ற சொல் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அந்த ஏற்பாட்டை நினைத்து அழுதுவிட்டேன். ஏனென்று சொல்கிறேன்.

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. ஐந்து வயதில் இதேபோல ஒரு வகுப்பில் சேர்த்தோம். தடுக்கி விழுவான், பொத்தான் போட வராது, கரண்டியைப் பிடிக்கத் தெரியாது. அங்கிருந்த பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் அவனைச் சோம்பேறி என்றார். நாங்களும் "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்று அவனைத்தான் விரட்டினோம். ஏழு வயதில்தான் தெரிந்தது, அவனுக்கு இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்குமாம். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்றவர்கள் பார்த்தே கற்றுக்கொள்வதை இவனுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடம் அவனைச் சோம்பேறி என்று நினைத்தோம். அந்த இரண்டு வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

டோங்காட் தங்கச்சி, விளையாட்டில் சேர்ப்பது அப்புறம். முதலில் பிசியோவிடமோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ ஒரு தடவை காட்டுங்கள்.

பிசியோ_சித்தி
புதன், இரவு 7.15

மரிட்ஸ்பர்க் அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஐந்து வயதுக்கு முன் அந்தப் பெயரை ஒட்ட மாட்டோம், பிள்ளைக்குப் பிள்ளை வளரும் வேகம் அவ்வளவு மாறும். ஆனால் பெயர் வைக்காமலேயே உதவி தொடங்கலாம். சாப்பிடுவது, உடுத்துவது, படியிறங்குவது, விளையாடுவது எல்லாவற்றிலும் சேர்ந்தே தடுமாறினால் காத்திருக்க வேண்டாம். முன்பு செய்த ஒன்றை இப்போது செய்ய முடியாமல் போனால் உடனே டாக்டரிடம் போங்கள்.

டோங்காட்_அம்மா
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.40

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். பிசியோவிடம் காட்டினோம். மூட்டுகள் கொஞ்சம் தளர்வு, இடுப்புத் தசையில் பலம் குறைவு என்றார். குறைபாடு என்று இப்போது எதுவும் சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். குந்தி எழுவது, நண்டு நடை, கடைசிப் படியிலிருந்து குதிப்பது என்று ஐந்தாறு விளையாட்டு கொடுத்திருக்கிறார்.

கால்பந்து வகுப்பை நிறுத்திவிட்டோம். என் கணவருக்கு முதலில் வருத்தம்தான். இப்போது சனிக்கிழமை காலையில் அவரே இவனையும் என் நாத்தனார் பிள்ளைகள் இருவரையும் டர்பன் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார். மணலில் வெறுங்கால். சாக்ஸ் பந்து பத்து செய்தேன், மாமியாரும் உட்கார்ந்து சுருட்டிக் கொடுத்தார். காலிப் பால் டின் மூன்று. பெரியவளுக்கு ஒன்பது வயது, அவளிடம் தாத்தா சொன்ன முறையை விளக்கினேன். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டோம், இவனுக்கு "இலவசம்" என்று பெயர். அவுட் கிடையாது. நேற்று எண்ணவில்லை, எண்ணவும் முடியாது.

கடைசிப் படியிலிருந்து இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கிறான். தரையிலிருந்து எழும்புவதற்கு இன்னும் ஒரு கால் முந்துகிறது.

கோச் அண்ணாவிடம் ஒரு கேள்வி. ஜனவரியில் கிரேட் ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) போகிறான். அங்கே விளையாட்டு நாளில் சாக்கு ஓட்டம் உண்டாம். இப்போதே பழக்கலாமா?

ஃபீனிக்ஸ்_கோச்
ஞாயிறு, இரவு 8.10

சாக்கு வேண்டாம் அக்கா, இப்போதைக்குத் தலையணை உறை போதும். புல்லில் விளையாட விடுங்கள், நீங்களும் ஒன்றில் ஏறிக்கொள்ளுங்கள்.

இசிப்பிங்கோ_தாத்தா
திங்கள், காலை 6.30

டின்னை அடுக்கும் வேலையை அவனிடமே கொடு மகளே. குனிந்து, குந்தி, எழுந்து ஓட வேண்டும். பராக்ஸில் சின்னவனுக்கு அதுதான் முதல் வேலை.